அண்ணனின் பழைய கம்ப்யூட்டரும் நானும்

என் அண்ணன் மேகமலையில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்தார். தொண்ணூற்றாறில் அங்கிருந்த மேனேஜர் ஊரைக் காலி செய்தபோது, அவர் பிள்ளைகள் விளையாடிக் கழித்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனார். பார்க்க வெறும் கீபோர்டு மாதிரி இருக்கும். டிவியோடு இணைத்தால் படம் வரும். எழுதிய புரோகிராமை டேப் ரிக்கார்டரில், கேசட்டில்தான் பதிந்து வைக்கவேண்டும். மறுபடி வேண்டுமென்றால் அந்தக் கேசட்டை ஓடவிட்டு, அது கீச்சுக்கீச்சென்று கத்தி முடிக்கும்வரை ஐந்து நிமிடம் காத்திருக்கவேண்டும்.

அண்ணன் வேலையை விட்டுக் காமயகவுண்டன்பட்டிக்கு இறங்கி வந்து, எங்கள் திராட்சைத் தோட்டத்தைப் பார்க்க ஆரம்பித்த பிறகும் அதை விடவில்லை. மருந்தடித்துவிட்டு வந்து, குளித்து, நேராக அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அதற்குத் தமிழ் தெரியாது. அண்ணன் நோட்டில் எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டு, வேண்டிய இடங்களைக் கறுப்படித்துப் பார்த்து, எழுத்து எழுத்தாக அதற்குள் ஏற்றினார். 'ண' மட்டும் அடங்காமல் ஒரு வாரம் படுத்தியது.

நான் அப்போது கம்பத்தில் கம்ப்யூட்டர் சென்டர் ஆரம்பித்திருந்தேன். பத்து மெஷின், ஏசி.

"எங்கிட்ட நாப்பது தமிழ் ஃபாண்ட் இருக்குண்ணே. ஒனக்கு ஒரு எழுத்துக்கு ஒரு வாரமா?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "ஒன் மெஷினுக்குள்ள என்ன நடக்குதுன்னு ஒனக்குத் தெரியுமாலே? இதுல எனக்குத் தெரியாம ஒன்னும் நடக்காது. சுவிட்சப் போட்டதும் வந்து, என்ன செய்யணும்னு கேட்டுக்கிட்டு நிக்கும்."

அது எனக்குச் சுருக்கென்றது. என் மெஷின்களில் தினமும் வைரஸ். ஏன் நின்றது என்று தெரியாமல் மதுரையிலிருந்து ஆளை வரவழைப்பவன் நான்.

சென்டரின் இரண்டாம் ஆண்டு விழாவுக்கு அவரைக் கூப்பிட்டேன். "மெஷினையும் கொண்டுட்டு வாண்ணே. படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்டணும். டிவி நான் வச்சிருக்கேன்." மாணவர்களிடம், "நாளைக்கு ஒரு காமெடி இருக்கு" என்று சொல்லிவைத்தேன்.

அண்ணன் டவுன் பஸ்ஸில், துண்டில் சுற்றிய மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மொடமொடவென்று தேய்த்த வெள்ளைச் சட்டை. இதற்கென்றே புதிதாக ஒரு புரோகிராம் எழுதியிருப்பதாக என் காதோரம் சொன்னார்.

கேசட் கத்தத் தொடங்கியதும் ஒருவன் அதே மாதிரிக் கீச்சிட்டான். நான் டேப்பின் சத்தத்தை இன்னும் கூட்டினேன். "இது முடியுறதுக்குள்ள சுருளிப்பட்டிக்குப் போயிட்டு வந்துரலாம்" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். என்னோடு சேர்ந்து சிரிப்பதாகத்தான் அவர் நினைத்தார்.

பிறகு திரையில் மலை வந்தது. புள்ளியளவு ஜீப் ஒன்று வளைந்து வளைந்து இறங்கியது. அடியில் எங்கள் ஊர்ப் பெயர் எழுத்தெழுத்தாக விழ ஆரம்பித்தது. கா. ம. ய. சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசைப் பெண் எழுந்து கிட்டே வந்து, "எல்லாமே நீங்களே செஞ்சதா சார்?" என்று கேட்டாள். இரண்டு வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

நான் பின்பக்கம் போய் மெயின் சுவிட்சை அணைத்தேன்.

"கரண்டு போயிருச்சுண்ணே" என்று அங்கிருந்தே சொன்னேன். மறுபடி சிரிப்பு கிளம்பியது.

அண்ணன் கொஞ்ச நேரம் காத்திருந்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், எதிர்க்கடையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். வயர்களைக் கழற்றிச் சுருட்டினார். அந்தப் பெண் உதவ வந்தபோது, "இருக்கட்டும்மா" என்றார். நான் அவரைப் பஸ் ஸ்டாண்டுவரைகூடப் போய் ஏற்றிவிடவில்லை. கேக் வெட்டவேண்டியிருந்தது.

வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்து, என் சென்டருக்கு ஆள் வராமல் போய், இரண்டாயிரத்து ஒன்பதில் அதை மூடினேன். அந்த வாரம் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"உள்ளதான் இருக்காக" என்றார் மதினி. "அன்னையிலருந்து யாருக்கும் எதையும் காட்டுறதில்ல தம்பி. நான் போனாக்கூட டிவிய அமத்திருவாக."

அண்ணன் தட்டிக்கொண்டிருந்தார். அழிந்துபோன கீகளின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் எழுதியிருந்தது. என்னைக் கண்டதும் டிவியை அணைத்தார்.

"அண்ணே, அன்னைக்கு நாந்தான்..."

"தெரியும்."

"எனக்கும் இதக் கத்துக்குடுண்ணே. இங்கன ஒரு ஓரமா உக்காந்துக்கிறேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. "வேணாம்லே. தோட்டத்துல பாதிய ஒம் பேருக்கு எழுதிக் கேளு, தாரேன். இதுல மட்டும் வராத."

நான் அங்கேயே நின்றேன். அவர் கைகள் கீபோர்டின் மேலேயே இருந்தன. நான் எப்போது போவேன் என்று காத்திருக்கிறார் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.