கையில் இரண்டு சுற்று

எனக்கு நீந்தத் தெரியாது. என் மனைவியின் அண்ணனிடம் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். மச்சான் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. ஜெலாப்பாங்கில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் லீவு போட வைத்து, என்னைப் பாகான் டத்தோ கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

நடுக்கடலில் லாயாரான் மீன் பிடிக்கும் போட்டி அது. முதுகில் கப்பல் பாய்போலச் செதில் விரித்த, ஆளைவிட நீளமான மீன். அதைக் கொல்லக்கூடாது. படகருகே இழுத்து, முதுகில் அடையாளச் சீட்டைக் குத்தி விட்டுவிட வேண்டும். சீட்டுக் குத்தாத மீன் கணக்கில் சேராது.

முந்தைய போட்டிகளில் எந்தப் படகுக்கு எப்போது மீன் மாட்டியது என்று மச்சான் ஊரெல்லாம் விசாரித்து வைத்திருந்தான். காரில் வழிநெடுக அதே பாட்டுதான்.

"நீரோட்டம் திரும்புறப்பதான் மாட்டும். அதுக்குள்ள எல்லாரும் எடம் மாத்திப் போயிருவாங்க. நாம அசையக்கூடாது லா."

இன்னொன்றும் சொன்னான். எவ்வளவு களைத்த மீனும் படகைக் கண்டதும் கடைசியாக ஒரு பாய்ச்சல் பாயுமாம். அதை நான் அரைத்தூக்கத்தில் கேட்டேன்.

அவன் சொன்னபடியே நடந்ததுதான் வினை. காலையெல்லாம் படகில் சும்மா கிடந்தோம். நீரோட்டம் திரும்பியது, மாட்டியது. மச்சான் வியர்த்துக் கொட்டத் தூண்டில் உருளையைச் சுழற்றி, மீனைப் படகருகே கொண்டுவந்தான். கையுறை போட்டிருந்த நான் தங்கூசி என்கிற தூண்டில் நரம்பைப் பிடித்து இழுக்க வேண்டும். சீட்டுக் குத்துவது மலாய்க்காரப் படகோட்டியின் வேலை.

என் கையோ பத்து காஜா ஊர்ப் பக்கம் தோட்டத்தில் மாடு மேய்த்த கை. முரண்டு பிடிக்கும் மாடு என்றால் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுப்போம். யோசிக்காமல் அதையே செய்தேன்.

மீன் படகைப் பார்த்தது.

தோளே கழன்றுவிட்டது என்று நினைத்தேன். வயிறு படகின் விளிம்பில் மோதியது. பாதி உடம்பு வெளியே தொங்க, உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. "லெப்பாஸ், லெப்பாஸ்" என்று படகோட்டி கத்தினார். "விடு, விடு" என்று மச்சான் கத்தினான். இரண்டு மொழியிலும் எனக்கு அர்த்தம் தெரியும். விடத்தான் முடியவில்லை. சுற்று இறுகிவிட்டிருந்தது. அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. செத்தேன் என்றே முடிவு செய்தேன்.

மச்சான் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு என் இடுப்பு வாரைப் பிடித்தான். கத்தியை எடுத்துத் தங்கூசியை வெட்டினான். சீட்டுக் குத்தாத மீன் போய்விட்டது. பிறகு எங்களுக்கு எதுவும் மாட்டவில்லை.

கரையில் போட்டிக்காரர் ஒருவர், "பெராப்பா எக்கோர்?" என்று கேட்டார். எத்தனை மீன் என்கிறார். மலாயில் மனிதனை எண்ணினால் ஓராங், மீனையும் மாட்டையும் எண்ணினால் எக்கோர்.

மச்சான் என்னைக் காட்டினான். "சத்து எக்கோர். சூடா லெப்பாஸ்." ஒன்று, விட்டாச்சு.

எல்லாரும் சிரித்தார்கள். மச்சான் படகிலிருந்து இறங்க ஓரடி வைத்தான், நகர முடியாமல் திரும்பிப் பார்த்தான்.

"சட்டைய விடு மச்சான்," என்றான். "கரைக்கு வந்தாச்சு லா."