அடுக்களை வழியாகப் போன வாய்க்கால்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். செங்கல் சுமந்து, கொத்தனாராகி, பிறகு காண்டிராக்டர் ஆனேன். இந்த ஊரில் பாதித் தெருவுக்கு வாய்க்கால் கட்டியவன் நான்தான். தண்ணீர் ஓடும் வாட்டம் பார்க்கப் படித்த என்ஜினீயர்களே என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்ட என்னை வாயடைக்க வைத்தவர் ஒரே ஒருவர், எங்கள் வார்டு உறுப்பினர் பஞ்சரக்கா.

விபத்தில் கணவருக்குக் கால் போனதும் அவருடைய பஞ்சர் கடையை அக்கா எடுத்து நடத்தினார். எந்தக் கட்சியும் சீட்டு தராததால் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். நகராட்சிக் கூட்டத்தில் பேச எழுந்தாலே, "என்னக்கா, காத்து இறங்கிடுச்சா?" என்று சிரிப்பார்களாம். அவர் உட்காரவே மாட்டார். மழை பெய்தால் எங்கள் தெருவில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும். வாய்க்கால் வேண்டும் என்று நாலு வருஷம் நாயாய் அலைந்து வாங்கினார். வேலை எனக்கு வந்தது.

தெருவின் பள்ளமான முனையில் இருப்பது அக்காவின் வீடு. அதற்குப் பின்னால்தான் ஓடை. அளந்து பார்த்தால், வாய்க்கால் நேராக அவர் அடுக்களை வழியாகப் போகிறது. எனக்கு மனசு கேட்கவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அடுக்களையைச் சுற்றி வளைத்துச் சுண்ணாம்புக் கோடு போட்டேன். என் ஆயுசிலேயே நான் செய்த ஒரே தப்பு அதுதான்.

மறுநாள் காலையில் அந்தக் கோடு எல்லார் போனிலும் படமாக நின்றது. தேர்தலுக்கு இன்னும் இரண்டே மாதம். சாயங்காலம் தெருவே அக்கா வாசலில் கூடிவிட்டது. முன்னால் நின்றவர் பக்கத்து வீட்டு மளிகைக்கடைக்காரர். அக்காவை எதிர்த்துப் போட்டியிட இருந்தவர்.

"ஊருக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமாம்மா?"

அக்கா கோட்டைப் பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். என் பேரை எடுக்கவில்லை. மட்டம் பார்க்க நான் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த டியூபின் ஒரு முனையைக் கடைக்காரரிடம் நீட்டினார்.

"அண்ணே, அந்த வளைவுல போய் இதைப் பிடிங்க. டியூபும் தண்ணியும் எனக்குப் பொழப்பு, ஏமாத்த மாட்டேன்."

கூட்டம் சிரித்தது. பார்த்தால், வளைவில் தரை ஒரு சாண் மேடு.

"இப்படி வளைச்சா தண்ணி ஏறாதுண்ணே. திரும்பி யார் வீட்டுக்கு வரும்?"

கடைக்காரர் தன் வாசலைப் பார்த்துக்கொண்டார். "எனக்குத்தான் வரும்."

"அப்ப நேராவே போகட்டும். அடுக்களையை இடிச்சிடுங்க."

உள்ளேயிருந்து கணவரின் குரல் வந்தது. "அடியே, சமையல் எங்க?"

"சமைக்கிறது நீங்கதானே? கடைக்குப் பின்னால சமைங்க. யாரு குறை சொன்னது?"

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "கோடு போட்டது நான்தான்! அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது!" என்று கத்தினேன். ஐம்பது வருஷத் தொழிலில் கூட்டத்துக்கு நடுவே நான் தலைகுனிந்தது அன்றைக்குத்தான்.

"அதை நீ முன்னாலயே சொல்லியிருக்கலாமேம்மா?" என்றார் கடைக்காரர்.

"சொன்னா அவர் காண்டிராக்ட் போயிடும். அவரை நம்பி இருபது பேர் இருக்காங்க. எனக்குப் பதவி போனா கடை இருக்கு."

மறுநாளே சுவரை இடித்தோம். வாய்க்கால் நேராகப் போனது. ஆனால் படம் போன இடத்துக்கெல்லாம் என் பேச்சு போய்ச் சேரவில்லை. பதினாலு ஓட்டில் அக்கா தோற்றார்.

அந்த வருஷத்து முதல் மழை கொட்டிய அன்று போய்ப் பார்த்தேன். தெருவில் ஒரு சொட்டுத் தேங்கவில்லை. அவருடைய அடுப்பு இருந்த இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா நனைந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"தோத்ததுல வருத்தமாக்கா?"

"இல்லாம இருக்குமா? இன்னும் ரெண்டு தெரு பாக்கி."

"இனிமே மெம்பர் இல்லையே, என்ன பண்ணுவீங்க?"

"மனு குடுக்க மெம்பரா இருக்கணும்னு சட்டமா? நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க. அளவு நீங்கதான் சொல்லணும். வளைக்காம சொல்லுங்க."

ஒன்பதரைக்கே போய் நின்றேன்.