கத்தி சுற்றாத ஓட்டம்

சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே புல் வெட்டுபவர் வெயிலுக்குச் சற்று ஒதுங்கி நிற்கிறார். தோளில் தொங்கும் மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்ரோலும் பச்சைப் புல்லும் கலந்த வாடை சமையலறை ஜன்னலுக்கு ஏறி வந்ததும், நான் சின்ன வயதில் வளர்ந்த குவீன்ஸ்டவுன் வீட்டில் இருந்தேன்.

அப்பாவுக்கும் புல் வெட்டும் வேலைதான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மிஷினை வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துவிடுவார். அவரைத் தாண்டி யாரும் வெளியே போக முடியாது. தேக்கா சந்தைக்குப் போக அம்மா பூப்போட்ட சேலை கட்டி, கூடையோடு இரும்புக் கேட்டுக்கு உள்ளே நின்றிருப்பாள்.

"இதோ முடிஞ்சிருச்சு லா," என்பார் அப்பா. எங்கே முடியும்? பிளக்கைத் துடைப்பார், ஃபில்டரைத் தட்டுவார், சின்ன ஸ்குரூ ஒன்றை மயிரிழை திருப்பிவிட்டுக் காதைச் சாய்ப்பார்.

ஒருநாள் முகமெல்லாம் சிரிப்பாக என்னிடம் சொன்னார்: "பாரு, கைய எடுத்தாலும் மிஷின் அணையக் கூடாது. ஆனா கத்தியும் சுத்தக் கூடாது. அதான் கரெக்ட்டு."

"என்னையும் அப்படித்தானே வச்சிருக்கீங்க," என்றாள் அம்மா. சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு உலை வைக்கப் போனாள்.

"ஜன்னலச் சாத்து, மீட்டிங்ல இருக்கேன்," என்று அறைக்குள்ளிருந்து என் கணவர் கத்தினார். "இது முடியட்டும், தேக்காவுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

காலையிலிருந்து இதையேதான் சொல்கிறார். தோளில் கிடந்த பையைக் கழற்றி வைத்தேன். ஜன்னலைச் சாத்துமுன் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். கீழே மிஷின் அணையவில்லை. கத்தியும் சுற்றவில்லை.