வரிக்கு வரி

கல்யாணத்துக்கு முன்பு அவள் ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் கணக்கராக இருந்தாள். பல வருடம் கழித்து அங்கே ஓர் இடம் காலியாயிற்று. பழைய ஆள் என்பதற்காகச் சும்மா எடுக்க மாட்டார்கள்; எக்செல்லில் ஒரு தேர்வு உண்டு. வேலை கிடைத்தால் தனியாக ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விடலாம். இதை நாத்தனாரிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

நாத்தனாருக்குக் கணினி மையத்தில் வேலை. அண்ணன் பட்டறைக்குப் போன பிறகு வந்து, வீட்டிலிருந்த பழைய கணினியில் சொல்லிக்கொடுப்பாள்.

"அண்ணி, உங்க காலத்துப் பொத்தானெல்லாம் இப்ப மியூசியத்துல இருக்கு. தள்ளுங்க."

"ரொம்பப் பீத்திக்காதடி. கூட்டல் அதே கூட்டல்தானே?"

ஒருநாள் புருஷன் சீக்கிரம் வந்துவிட்டான். வெல்டர். பேசுகிற வழக்கம் கிடையாது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். திரை அணைந்தது. பிறகு அந்த ஒயரையே கையில் சுற்றிக்கொண்டு அவளை அடித்தான். மறுநாளும் பிடுங்கினான்.

அதன் பிறகு ஒவ்வொரு வரி அடித்ததும் அவள் சேமித்துவிடுவாள். இடது சுண்டுவிரல் கண்ட்ரோலில், மோதிரவிரல் எஸ்ஸில். படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்டாலே விரல்கள் அங்கே போய்விடும். ஒரு வாரத்தில் அந்தப் பழைய கணினியையும் உதைத்து உடைத்தான்.

தேர்வுக்கு முந்தைய நாள் நாத்தனார் ஒரு மடிக்கணினியைக் கொடுத்துவிட்டுப் போனாள். சம்பளப் பட்டியல் ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் வந்தான். பிளக்கைப் பிடுங்கினான்.

திரை அணையவில்லை.

கையிலிருந்த ஒயரைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். மறுபடி ஒயரை இழுத்தான். இதற்குப் பேட்டரி என்று தனியாக ஒரு வயிறு இருப்பது அவனுக்குத் தெரியாது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்கிறியா?"

மூடியை அவள் கைமேல் அறைந்து மூடினான். வலது கையை உருவிக்கொண்டாள். இடது கை மாட்டிக்கொண்டது. மூடியின்மேல் முழங்காலை வைத்து அழுத்தினான். உள்ளே ஏதோ முறிந்தது. பிளாஸ்டிக் என்று முதலில் நினைத்தாள்.

காலையில் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு போனாள். தேர்வறையில் நாலைந்து பேர். மேலாளர் ஓர் அம்மாள். அடித்த ஒவ்வொரு வரிக்கும் கட்டுப் போட்ட விரல்களே கண்ட்ரோலுக்கும் எஸ்ஸுக்கும் போயின. வேறு விரலால் செய்யலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒவ்வொரு தடவையும் வலி தோள்வரை ஏறி இறங்கியது.

பாதியில் திரைகள் அணைந்தன. மற்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவள் மேஜைக்கு அடியில், தலையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கரண்ட்தாம்மா போச்சு," என்றார் மேலாளர். "எந்திரிங்க."

கரண்ட் வந்தபோது மற்றவர்கள் அடித்ததெல்லாம் அழிந்திருந்தது. அவளுடையது அப்படியே இருந்தது.

"வரிக்கு வரி சேவ் பண்ணியிருக்கீங்க. நல்ல பழக்கம். யார் கத்துக்குடுத்தா?"

"வீட்டுக்காரர்."

"அவருக்கு என் நன்றியச் சொல்லுங்க. திங்கக்கிழம வந்து சேந்துடுங்க."

வெளியே, பின்னாலேயே வந்திருந்த அவன் வண்டிமேல் சாய்ந்து நின்றான்.

"என்ன, பல்லப் புடிச்சுப் பாத்துட்டு அனுப்பிட்டாங்களா?"

"திங்கக்கிழம சேரச் சொன்னாங்க."

ஹெல்மெட்டால் வாயில் அடித்தான். காவலாளி ஸ்டூலிலிருந்து எழுந்தார். புருஷன் பெண்டாட்டி என்று புரிந்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"ஏறு வண்டில."

அவள் வண்டியின் பின்சீட்டைப் பார்த்தாள். திரும்பி உள்ளே நடந்தாள்.

மேலாளர் நிமிர்ந்தார். அவள் முகவாயிலிருந்து ரத்தம் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"உங்க நன்றியச் சொல்லிட்டேன் மேடம். இன்னைக்கே சேரலாமா?"

அந்த அம்மாள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். கட்டுப் போட்ட விரல்களைப் பார்த்தார். போனை எடுத்து, "கேட்டப் பூட்டுய்யா," என்றார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"முதல்ல வாயக் கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். இரும்பு கேட்டை அவன் உதைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு உதைக்கும் மேஜைமேல் இருந்த டம்ளர் தண்ணீர் அதிர்ந்தது. அவள் ஒரு வரி அடித்தாள். சேமித்தாள்.