ஆபரேஷனுக்கு முன் ஒரு துண்டு கருவாடு

எங்கள் பூனை செல்லி இரண்டாம் முறை போட்ட குட்டிகளையும் தெருநாய்கள் தூக்கிப்போனதும், அதற்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட முடிவெடுத்தேன். முந்தின இரவிலிருந்து எதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காலையில் அது என் காலைச் சுற்றிச் சுற்றிக் கத்தியும் மனசைக் கல்லாக்கிக்கொண்டேன். கூடையில் வைத்து, கணவரின் பைக்கில் உத்திரமேரூர் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"ஏதாவது சாப்பிட்டுச்சாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல சார், பச்சத் தண்ணிகூட குடுக்கல" என்று அடித்துச் சொன்னேன்.

மயக்க ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் செல்லி வாந்தி எடுத்தது. உடனே மூச்சுத் திணறி, நாக்கு நீலம் பாய்ந்துவிட்டது. டாக்டர் அதன் தலையைக் கீழே சாய்த்து வாய்க்குள் விரலால் துழாவினார். ஒரு கருவாட்டுத் துண்டு வந்தது.

"நான்தான் போட்டேன். வெறும் வயித்தோட எப்டி வூட்ட வுட்டு இட்டுக்கினு வர்றது?" என்றார் கணவர். வெளியே கிளம்பும் யாரையும் ஒரு வாய் சாப்பிடாமல் அனுப்பாத குடும்பம் அவருடையது.

செல்லி தும்மி மூச்சை இழுத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. டாக்டர் அன்று ஆபரேஷன் செய்யவில்லை.

அடுத்த மாதம் நல்லபடியாக முடிந்தது. அந்த முறை செல்லியை முந்தின இரவே கூடையில் அடைத்து என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். கிளம்பும்போது கணவரின் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இன்னொரு கையையும் தானாகவே நீட்டினார்.