லொஃப்டுக்குப் பஞ்சு போட்ட வருஷம்

லண்டன் வால்தம்ஸ்டோவில் நாங்கள் முதன்முதலாக வாங்கிய வீட்டின் கூரையில் மட்டும் பனி நிற்காது. விடிந்து பார்த்தால் தெருவில் மற்றக் கூரைகளெல்லாம் வெள்ளையாயிருக்க, எங்கள் ஓடுகள் ஈரமாய்க் கறுத்துக் கிடக்கும். வெயில் எங்களுக்குத்தான் முதலில் படுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாதான் வேலிக்கு மேலால் விளங்கப்படுத்தினார்: வெயில் அல்ல, நாங்கள் போடும் ஹீட்டர் சூடுதான் கூரையால் போய்க்கொண்டிருந்தது.

சூட்டைத் தடுக்க வழி கேட்டுப் போன கடையில், கடைக்காரர் கண்ணாடிப் பஞ்சுச் சுருளைக் காட்டி, கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவிலிருக்கும் லொஃப்டில் எங்கே போடப் போகிறீர்கள் என்று கேட்டார். தரையில் விரித்தால் கீழ்வீடு சூடாயிருக்கும், லொஃப்ட் குளிரும். ஓட்டுக்குக் கீழே சரிவில் அடைத்தால் லொஃப்டும் சூடாயிருக்கும்.

எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்த என் தம்பி எந்தக் கிழமையும் வந்து இறங்கலாம். வீட்டில் இருந்ததோ இரண்டு அறைகள்.

"சரிவிலயே அடைப்பம். தம்பி மேல படுக்கட்டும்" என்றேன்.

கடைக்கு வெளியே வந்த பிறகுதான் கணவர் சொன்னார்.

"ஆமி ஊரைச் சுத்தி வளைச்ச அண்டைக்குப் பகல் முழுக்க ஓட்டுக்குக் கீழ, சீலிங்குக்கு மேல ஒளிச்சுக் கிடந்தவன். இஞ்சையும் அவனைக் கூரைக்குள்ள ஏத்தப் போறீரோ?"

அது எனக்கு எப்படி நினைவு வராமல் போனது!

பஞ்சைத் தரையில்தான் விரித்தோம். தம்பி வந்ததும் முன்னறையில் படுக்கை போட்டுக் கொடுத்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான். தட்டில் போட்டதில் பாதியை மிச்சம் வைப்பான்.

அடுத்த குளிர்காலம் கடுமையாக இருந்தது. சூடு மேலே ஏறாததால் லொஃப்டுக்குள் தண்ணீர்க்குழாய் உறைந்து வெடித்திருக்கிறது. குழாய்க்கும் பஞ்சு சுற்ற வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. குளிர் விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கணவர் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்டில் நிற்க, படுக்கையறைச் சீலிங்கால் தண்ணீர் கொட்டியது. நான் குசினிக்கு ஓடிப்போய்ச் சிங்குக்குக் கீழேயிருந்த மெயின் குழாயை அடைத்துவிட்டு வந்தால், மேலே தொட்டியில் இருந்த தண்ணீர் இன்னும் கொட்டுகிறது; தம்பி லொஃப்ட் ஏணியின் உச்சியில் நிற்கிறான்.

"தம்பி, வேண்டாம், இறங்கு! அத்தான் வரட்டும்."

"பழைய சீலை ஏதும் இருந்தா எடுத்துத் தாங்கோ அக்கா, கெதியா."

கொடுத்தேன். இருட்டுக்குள் தவழ்ந்து போனான். ஏணியைப் பிடித்தபடி மேலே எட்டிப் பார்த்தேன்.

"என்னடா செய்யிறாய்?"

"கட்டிப்போட்டன். வாறன்."

இறங்கியபோது தலைமயிர், புருவமெல்லாம் மஞ்சள் பஞ்சு. கழுத்தைச் சொறிந்தான், முதுகைச் சொறிந்தான். "என்ன கோதாரியைக் கொண்டுவந்து கொட்டி வச்சிருக்கிறியள்? கடிக்குதக்கா!" என்று சொல்லிச் சிரித்தான். லண்டனுக்கு வந்து அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் சாப்பிடும்போது, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னான்.