அக்காவின் கை நிறம்

சினிமாக்காரர்கள் சேந்தமங்கலத்துக்கு வந்தபோது அவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது கொல்லிமலையும் இல்லை, கோயிலும் இல்லை. ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்துக் கொடுக்க ஓர் ஆள்தான். கதாநாயகிக்காகச் சென்னையிலிருந்து கொண்டுவந்த ஜாக்கெட்டுகளில் பாதி தோளில் நிற்கவில்லை. படப்பிடிப்பு நடக்கவிருந்த, ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லின் வாட்ச்மேன் வழி சொல்ல, துணிமணி பார்க்கும் உதவியாளர் ஒரு பெரிய பையோடு என் அக்காவின் தையல் கடைக்கு வந்தார். அவர் பின்னாலேயே இன்னொருவரும் டீ கிளாஸும் கையுமாக உள்ளே வந்தார். அவர் மேக்கப் போடுகிறவர்.

அக்கா ஒரு ஜாக்கெட்டை மேசையில் விரித்து, எங்கே பிடிக்க வேண்டும் என்று சாக்பீஸால் கோடு போட்டாள். மேக்கப் அண்ணன் ஜாக்கெட்டைப் பார்க்கவில்லை, கோடு போடுகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க கையை ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடுவதாகப் பேர் பண்ணிக்கொண்டு, அக்கா கடையில் உட்கார்ந்து கொக்கி தைத்துக்கொண்டிருந்த காலம் அது. கோபப்பட நிறைய நேரம் இருந்தது. "எதுக்குங்க?" என்றேன்.

அவர் பொறுமையாகவே சொன்னார். கதாநாயகி வடக்கே பிறந்தவர், நல்ல சிவப்பு. கதையில் அவர் மரவள்ளி மாவைக் காயப்போடுகிற களத்தில் வேலை செய்கிற பெண். நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவள் அந்த நிறத்தில் இருந்தால் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்களாம். அதனால் அவரைக் கருப்பாக்க வேண்டும். ஆனால் டைரக்டர் மனதில் இருக்கிற கருப்பு, எத்தனை டப்பாவைக் கலந்து பார்த்தும் வரவில்லை. "இதைத்தான் அவர் தேடறார்," என்று அக்காவின் முன்கையைக் காட்டினார்.

"அப்ப இந்த நெறத்துல ஒரு பொண்ணையே நடிக்க வெச்சா வேலை மிச்சமுங்களே?" என்றேன். குத்திக்காட்டுவதற்காக மட்டும் கேட்கவில்லை. எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவர் சிரித்துவிட்டு, "அது என் டிபார்ட்மென்ட் இல்லம்மா," என்றார். பிறகு அந்தப் படப்பிடிப்பில் நான் எதைக் கேட்டாலும், யாரிடம் கேட்டாலும், அது வேறு யாருடைய டிபார்ட்மென்டாகவோதான் இருந்தது.

அக்கா கோபப்படவில்லை. கையை நீட்டி, "வளையலைக் கழட்டோணுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

என் அக்காவின் நிறத்தைப் பற்றி ஊரில் கருத்துச் சொல்லாதவர்கள் இல்லை. பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் வருடா வருடம் அவள்தான் அரக்கி. ஒரு வருடம் அரக்கியே இல்லாத கதையை எடுத்தார்கள். அப்போதும் விடவில்லை. கருப்புத் துணியைப் போர்த்திவிட்டு, "நீதான் ராத்திரி" என்று மேடையில் குறுக்கே நடக்கவிட்டார்கள். மற்ற எல்லாருடைய வசனமும் அவளுக்கு மனப்பாடம். ராத்திரிக்கு மட்டும் வசனம் கிடையாது. இதை அவள் சிரித்துச் சிரித்துத்தான் சொல்வாள். சிரிக்கிறாளே என்று நாங்களும் சிரித்தோம்.

மறுநாளிலிருந்து காலையில் வேன் வந்து அக்காவை அழைத்துப்போனது. துணைக்கு என்று நானும் தொற்றிக்கொண்டேன். கேரவனுக்குள் கண்ணாடி முன்னால் நடிகை உட்கார்ந்திருப்பார். பக்கத்து நாற்காலியில் அக்கா, ஒரு டவலின் மேல் கையை நீட்டிக்கொண்டு. மேக்கப் அண்ணன் அக்கா கையைப் பார்ப்பார், தட்டில் கலப்பார், நடிகையின் கையில் இழுப்பார், திரும்ப அக்கா கையைப் பார்ப்பார். பெயின்ட் கடையில் சுவருக்குக் கலர் பார்க்கிற மாதிரிதான். ஒருவழியாகச் சரியான நிறம் வந்ததும் அதை ஒரு டப்பாவில் நிரப்பி, மேலே மார்க்கரால் 'டெய்லர்' என்று எழுதி வைத்தார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முயன்றேன், முடியவில்லை. நடிகையின் உள்ளங்கைக்கும் அதே நிறத்தைப் பூசியிருந்தார்கள். முழங்கைக்கும் கழுத்துக்கும் நெற்றிக்கும்கூட ஒரே நிறம். "உள்ளங்கை யாருக்குங்க இந்த நெறத்துல இருக்கும்?" என்று கேட்டுவிட்டேன். அன்று வீட்டுக்கு வந்ததும் அக்காவை டியூப்லைட்டுக்குக் கீழே நிறுத்தி, என் கையையும் அவள் கையையும் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தேன். அவள் நெற்றி ஒரு நிறம், மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு நிறம், விரல் இடுக்கு வேறொன்று. மாநிறம் என்று பேர் வாங்கிய எனக்கும் அப்படித்தான். என் முழங்கை அவள் கன்னத்தைவிடக் கருப்பு. கூடவே பிறந்து வளர்ந்தவளை அன்றுதான் அப்படிப் பார்க்கிறேன் என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"போதும் புள்ள, கை வலிக்குது," என்றாள் அக்கா.

நடிகையோடு அக்காவுக்கு ஒருவிதப் பழக்கம் ஏற்பட்டது. அவருக்குத் தமிழ் வராது, அக்காவுக்கு இந்தி தெரியாது. நடுவில் மேக்கப் அண்ணன். ஒருநாள் அக்கா தயங்கித் தயங்கி, "இத்தனை செவப்பா இருந்துட்டு இதைப் பூசிக்கறது உங்களுக்குக் கஷ்டமா இல்லீங்களா?" என்று கேட்டாள். அண்ணன் மொழிபெயர்த்ததும் நடிகை விழுந்து விழுந்து சிரித்தார். போனில் ஒரு படத்தைத் தேடிக் காட்டினார். அவருடைய அம்மாவும் மூன்று அக்காமாரும். எல்லாரும் பால் நிறம். "அவங்க வீட்டுல அவங்கதான் கருப்பாம்," என்றார் அண்ணன். "சின்ன வயசுல கடலைமாவு தேய்ச்சுத் தேய்ச்சுக் கன்னம் தோலுரிஞ்சு போச்சாம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் ஊரில் கருப்பு தொடங்குகிற இடம் எது என்று எல்லாருக்கும் தெரியும். அது ஊருக்கு ஊர் இடம் மாறும் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை. அக்காவும் அந்தப் படத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "இவங்களையும் ராத்திரியா நடக்க உட்டிருப்பாங்களா?" என்று என் காதில் கேட்டாள்.

அடுத்த வாரம் டைரக்டரே அக்காவைக் கூப்பிட்டார். களத்தில் கதாநாயகிக்குப் பக்கத்தில் நிற்கிற தோழி ஒருத்தி வேண்டும், ஒரே ஒரு வசனம், செய்கிறாயா என்றார். மாவு காய்ந்துகொண்டிருக்கிறது, மழை வருகிறது, தோழி முதலில் பார்த்துவிட்டுக் கத்த வேண்டும். "மேகம் ஏறுது, மாவ அள்ளுங்கடி." அவ்வளவுதான்.

அக்கா அந்த வசனத்தோடு குடித்தனமே நடத்தினாள். அளவெடுக்கும்போது மெதுவாகச் சொல்லிப்பார்த்தாள், சோறு வடிக்கும்போது உரக்கச் சொன்னாள். 'அள்ளுங்கடி'யில் அழுத்த வேண்டுமா, 'மேகம்' என்பதிலா என்று என்னைக் கேட்டாள். நான் கிண்டல் செய்ததும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள். "சிரிக்காத. ஒரு தடவையாச்சும் மனுசியா நிக்கோணும்னு எனக்கு ஆசை. அரக்கியா இல்ல, ராத்திரியா இல்ல. இந்த மூஞ்சியோட மனுசியா," என்றாள். "அப்ப 'அள்ளுங்கடி'யில அழுத்து," என்றேன்.

படம் பிடிக்கிற அன்று களம் முழுக்க மாவைப் பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் மாவுக்கே எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு மதிப்பு. அந்த வெள்ளையில் வெயில் பட்டுக் கண் கூசியது. நடிகையும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அக்கா சொன்னாள். எனக்குத் தெரிந்து நன்றாகவே சொன்னாள். ஆனால் டைரக்டரும் கேமராமேனும் மானிட்டரை விட்டு நிமிரவில்லை. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் முணுமுணுப்பு.

விஷயம் மெல்லக் கசிந்தது. நடிகை தனியாக நின்றால் கருப்பான பெண்ணாகத் தெரிந்தார். அக்கா பக்கத்தில் நின்றதும் பூச்சு பூச்சாகத் தெரிந்தது. நிஜம் பக்கத்தில் நிற்கிறதே, என்ன செய்ய? கேமராமேன் சுலபமான வழியைச் சொன்னார். சென்னையிலிருந்து வந்த துணை நடிகைகளில் ஒரு மாநிறப் பெண்ணை நிறுத்திவிடலாம், டெய்லரம்மா பின்னால் கூட்டத்தில் நிற்கட்டும்.

அக்கா மாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவள் கையைப் பார்த்துத்தானே அந்த நிறத்தைக் கலந்தீர்கள், இவள் நின்றதும் அது பொய்யாகத் தெரிந்தால் அது இவள் குற்றமா என்று கேட்க இரண்டடி எடுத்து வைத்துவிட்டேன். அதற்குள் மேக்கப் அண்ணன் டைரக்டரிடம் போய் ஏதோ பேசினார். டைரக்டர் தலையாட்டினார். அண்ணன் அக்காவை நிழலுக்குக் கூட்டிப்போய் ஸ்டூலில் உட்காரவைத்து, பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்தார். மேலே 'டெய்லர்' என்று எழுதியிருந்த அதே டப்பா.

"இது என்ற நெறந்தானுங்களே?" என்றாள் அக்கா.

"ஆமாம்மா."

"பொறவு எதுக்குங்க எனக்கு?"

"ரெண்டு பேருக்கும் ஒரே டப்பாவுலருந்து போட்டாத்தான் ஒண்ணா தெரியும். இல்லேன்னா உங்களை நிக்க விடமாட்டாங்க." அவர் குரல் தாழ்ந்திருந்தது. அவருக்கும் அது பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அக்கா கொஞ்சம் யோசித்தாள். பிறகு கண்ணை மூடி முகத்தை நீட்டினாள். அவள் நெற்றியின் நிறமும் கன்னத்தின் நிறமும் கழுத்தின் நிறமும் ஒன்றாகிப்போவதை நான் நின்று பார்த்தேன். அவளுக்கு உள்ளங்கையிலும் பூசினார்கள். அடுத்த டேக் ஓகே ஆனது. மாலையில் நடிகை முகத்தைத் துடைத்ததும் சிவப்பாக வெளியே வந்தார். அக்காவும் துடைத்தாள். பஞ்சு மட்டும்தான் நிறம் மாறியிருந்தது.

படம் வெளியானதும் நாமக்கல்லில் மேட்னி ஷோவுக்கு இருவரும் ஸ்கூட்டரில் போனோம். தியேட்டர் வாசல் போஸ்டரில் நடிகை கோதுமை நிறத்தில் சிரித்தார். உள்ளே திரையில் தேன் நிறம். களத்தில் நாங்கள் பார்த்த கருப்பை எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அவர் முகத்தில் மட்டும் தேய்த்துத் துலக்கியிருந்தார்கள். அக்கா முகத்தைத் துலக்க யாரும் மெனக்கெடவில்லை. களத்துக் காட்சி வந்தது. அக்காவின் குரலையும் மாற்றாமல் அப்படியே வைத்திருந்தார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பின்வரிசையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். "கதாநாயகியப் பாரு, அச்சு அசல் நம்மூருப் புள்ளையாட்டவே இருக்குது."

"ஆமா. பக்கத்துல நிக்கறவளுக்குத்தான் கருப்பைக் கொஞ்சம் சாஸ்தியா அப்பிப்போட்டாங்க. பூச்சுன்னு தெரியுது பாரு."

நான் சீட்டில் திரும்பிவிட்டேன். அக்கா என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். "சண்டைக்குப் போகாத. பூசித்தானே நின்னேன்? அவங்க சொல்றது நெசந்தானே," என்றாள். இடைவேளையில் நான் வாங்கி வந்த பப்ஸை அவள் தொடவில்லை.

படம் விட்டு வண்டி எடுக்கப் போனபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. அந்த இரண்டு பெண்களும் அங்கே நின்றார்கள். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அவர்களில் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா அக்காவையே உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். "ஏனுங்க அம்மிணி, களத்துல நின்னது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க."

"நேர்ல நல்ல கலராத்தான் இருக்கறீங்க. படத்துலதான் கருப்பாக் காட்டிப்போட்டாங்க." பாராட்டாகத்தான் சொன்னார், மனசாரச் சொன்னார்.

இப்படிச் சொன்னால் சிரித்து மழுப்பிவிட்டு நகர்வதுதான் வழக்கம். அக்கா நகரவில்லை. "இல்லீங்க, அதே கலர்தானுங்க," என்றாள்.

அந்த அம்மா கொஞ்சம் தடுமாறினார். அக்காவின் முகத்தை இன்னொரு முறை, இப்போது நிதானமாக, பார்த்தார். "நானும் சேகோ களத்துலதான் வேலை செய்யறேன்," என்றார். "அந்த மாவு அள்ளச் சொல்றதை ஒருக்காச் சொல்லு சாமி, கேக்கலாம்."

அக்கா ஹெல்மெட்டை என்னிடம் கொடுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் நெற்றி ஒரு நிறமாகவும் கன்னம் ஒரு நிறமாகவும் இருந்தன. மலை இருக்கிற திசைக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "மேகம் ஏறுது, மாவ அள்ளுங்கடி," என்றாள்.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அந்த அம்மா சேலையைத் தூக்கிச் செருகக் கையைக் கொண்டுபோய், சட்டென்று அண்ணாந்து பார்த்தார்.